உளியின் படம் யாருடையது?

கோயம்புத்தூரில் கைக்கருவி தயாரிக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பெட்டி அட்டையும் விளக்கக் கையேடும் வடிவமைத்துத் தருவது என் தொழில். இழைப்புளியை எப்படிப் பிரித்து மாட்டுவது, அலகு எவ்வளவு வெளியே நீண்டிருக்க வேண்டும், சாணைக் கல்லில் உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதையெல்லாம் படத்தில் காட்ட வேண்டும். போட்டோ எடுத்தால் ஒரு கோணம்தான் கிடைக்கும். கணினியில் முப்பரிமாண மாடல் இருந்தால் கருவியைத் திருப்பலாம், பாதியாக வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டலாம், ஒரு திருகை மட்டும் கழற்றித் தனியே நிறுத்தலாம். அதனால் எங்கள் வேலைகளில் பெரும்பாலானவை ஒரு நல்ல மாடலைத் தேடுவதில்தான் தொடங்குகின்றன.

இணையச் சந்தைகளில் சுத்தியலும் ரம்பமும் குறடும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சில விலைக்கு, சில இலவசமாக. நான் முதலில் படிப்பது படத்துக்குக் கீழே இருக்கும் உரிம வரியை. விற்பனைக்குப் போகும் பெட்டியில் இதை அச்சடிக்கலாமா? செய்தவர் பெயரைப் போட வேண்டுமா? மாடலை மாற்றலாமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு கோப்பையும் வேலைக்குள் கொண்டு வருவதில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "ஏனுங்கண்ணா, சுத்தியல் யாருக்கும் சொந்தமில்லைங்களே, அதோட மாடலுக்கு மட்டும் எதுக்குங்க காசு, எதுக்குங்க பேரு?" நேர்மையான கேள்வி. சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய 350 ஆண்டுகளாக இதே கேள்வி தொடர்ந்து கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சொன்னால்தான் பதிலும் விளங்கும்.

1676இல் பாரிசில் ஆந்த்ரே ஃபெலிபியன் என்பவர் கட்டடக்கலை, சிற்பம், ஓவியம் ஆகியவற்றின் அடிப்படைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் அரச கட்டடக்கலை அகாடமியின் செயலாளர். தச்சர், கொல்லர், கல்தச்சர் பயன்படுத்தும் கருவிகள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, எழுத்தடையாளமிட்டு, பெயரோடு அந்த நூலில் வரிசையாக நின்றன. அதுவரை பெரும்பாலும் பட்டறைக்குள் இருந்த உருவங்கள் புத்தகத்தைத் திறப்பவர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன.

இரண்டே ஆண்டுகளில் அவை கடல் தாண்டின. லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர் உலக உருண்டையும் நிலப்படமும் கணிதக் கருவியும் செய்து விற்றுவந்தார். 1678இல் கொல்லு வேலை, தச்சு வேலை, கடைசல் வேலை ஆகியவற்றைப் பற்றிச் சிறு சிறு பகுதிகளாக ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். கைத்தொழிலை ஆங்கிலத்தில் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. எழுத்து அவருடையது. தச்சுக் கருவிப் படங்களோ ஃபெலிபியனின் தகடுகளைப் பார்த்துச் செதுக்கப்பட்டவை. சில படங்கள் இடவலம் மாறியிருக்கின்றன. அச்சான தாளைப் பார்த்து அப்படியே செம்பில் வெட்டினால், மீண்டும் அச்சாகும்போது படம் திரும்பிவிடும். இன்று இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்க்கு அந்தத் திருப்பமே சாட்சி சொல்கிறது.

நான் மாக்ஸனைக் குறை சொல்லவில்லை. அவருடைய நூல் இல்லாவிட்டால் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தச்சர்களின் வேலைமுறை நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. அன்றைக்கு ஒரு நாட்டின் படத்தை இன்னொரு நாட்டில் வெட்டுவதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. ஆனால் அந்த உளியை அளந்து, கையில் பிடித்து, எந்தக் கோணத்தில் காட்டினால் அதன் முனை புரியும் என்று யோசித்த ஒருவர் பாரிசில் இருந்தார். லண்டன் நூலில் அவர் பெயர் இல்லை. பின்னால் வந்த எல்லாத் தகராறுகளுக்கும் வேர் இதுதான்.

அந்தத் தகராறு ஊரறிய வெடித்தது பிரெஞ்சு நாட்டில். 1675இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், நாட்டின் தொழில்கள் அனைத்தையும் விவரித்து எழுதும்படி அறிவியல் அகாடமியைக் கேட்டுக்கொண்டார். வேலை தலைமுறைகளாக இழுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயோமூர் என்ற அறிவியலாளர் அதைக் கையில் எடுத்து, ஆண்டுக்கணக்கில் குறிப்பு சேர்த்தார், தகடுகளைச் செதுக்க வைத்தார். ஆனால் அச்சிடவில்லை. 1757இல் அவர் இறந்தபோது அத்தனையும் பெட்டிகளில் கிடந்தன.

இதற்கிடையே தெனி திதரோ தம் கலைக்களஞ்சியத்தை 1751இல் வெளியிடத் தொடங்கியிருந்தார். திதரோ லாங்க்ர் என்ற ஊரில் கத்தி செய்யும் கைவினைஞர் ஒருவரின் மகன். அறுவை மருத்துவர்கள் தேடி வாங்கும் கத்திகளைச் செய்த பட்டறை அவர் அப்பாவுடையது. கைத்தொழிலைத் தத்துவத்துக்கும் இறையியலுக்கும் சமமாக ஒரே நூலில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. 1762 முதல் 1772 வரை வெளிவந்த 11 படத்தொகுதிகளில் 2,500க்கும் மேற்பட்ட தகடுகள் இருக்கின்றன. அவற்றில் 900க்கும் அதிகமானவற்றை வரைந்தவர் லூயி ழாக் கூஸியே. இன்று கலைக்களஞ்சியம் என்றால் திதரோ பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். என் போன்ற தொழிலில் இருப்பவர் கும்பிட வேண்டிய பெயர் கூஸியே.

அந்தத் தகடுகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். மேல் பாதியில் பட்டறைக் காட்சி: ஆட்கள் நிற்கிறார்கள், அறுக்கிறார்கள், இழைக்கிறார்கள். கீழ் பாதியில் அதே கருவிகள் தனித்தனியே, வெற்றுத் தாளில், எண்ணிட்டு, சில இடங்களில் பிரித்துப் போடப்பட்டு. மேலே பயன்பாடு, கீழே உறுப்பு. இன்று நாங்கள் கணினியில் வெள்ளைப் பின்னணியில் கருவியை நிறுத்தி, பாகம் பாகமாக விலக்கிக் காட்டும் முறைக்கு இதைவிடத் தெளிவான மூதாதை கிடையாது.

முதல் படத்தொகுதி வெளிவரும் முன்பே தகராறு வந்துவிட்டது. பியேர் பத் என்ற கட்டடக் கலைஞர் கலைக்களஞ்சியத்தின் படங்களுக்காக வேலை செய்து விலகியவர். ரெயோமூர் செய்வித்த தகடுகளின் அச்சுப்படிகளைப் பதிப்பாளர்கள் எப்படியோ பெற்று, அவற்றைப் பார்த்துத் தங்கள் தகடுகளைச் செய்கிறார்கள் என்று 1759இல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ரெயோமூரே 1756இல் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி வருந்தி எழுதியிருந்தார். அகாடமி ஒரு குழுவை அனுப்பியது. தங்களுக்குக் காட்டப்பட்ட படங்களில் ரெயோமூரிடமிருந்து எடுத்தது எதையும் காணவில்லை என்று குழு சான்று கொடுத்தது. ஆனால் கலைக்களஞ்சியத்தின் சில படங்கள் அகாடமியின் படங்களை அடியொற்றியவை என்பதைப் பின்னாளைய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தகராறில் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. அகாடமி அரசுப் பணத்தில் செய்வித்த தகடுகளைப் பல பத்தாண்டுகளாகப் பூட்டி வைத்திருந்தது. ஒரு பட்டறைக்காரருக்கும் அதனால் பயனில்லை. கலைக்களஞ்சியக்காரர்கள் அந்த அறிவை உலகுக்குக் கொண்டு வந்தார்கள். அதே சமயம், ரெயோமூருக்காக வரைந்த கைகளுக்கு அவர்கள் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அகாடமி விழித்துக்கொண்டு 1761இல் தன் வரிசையை வெளியிடத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். பூட்டி வைத்ததும் தப்பு, பெயரை விழுங்கியதும் தப்பு.

அகாடமியின் அந்த வரிசையில்தான் என் மனசுக்கு மிக நெருக்கமான நூல் வந்தது. ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ தச்சரின் மகன், தச்சரின் பேரன். பகலில் பட்டறை வேலை செய்துகொண்டே கட்டடக்கலை ஆசிரியர் ஒருவரிடம் வரைகலையும் கணக்கும் கற்றவர். 1769 முதல் 1775 வரை அவர் வெளியிட்ட தச்சுக்கலை நூலில் 382 தகடுகள் உண்டு. எழுதியவரும் வரைந்தவரும் அவரே. பல தகடுகளில் செம்பைச் செதுக்கியதும் அவர் கைதான், அடியில் அதைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். பதினோராம் தகட்டில் இருக்கும் வேலை மேசையை இன்றைக்கும் பல நாட்டுத் தச்சர்கள் அளவெடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். பயன்படுத்தத் தெரிந்தவரே வரைந்ததால் அந்தப் படங்களில் பொய் இல்லை. இழைப்புளியின் வாய் எவ்வளவு குறுகல், சீவல் எந்தப் பக்கம் ஏறி வரும் என்பது கோட்டிலேயே தெரிகிறது. ஒரு கருவியின் படத்துக்குக் கீழே அதைக் கையாண்டவரின் பெயரே நின்றது வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

பெயர் நிற்பதற்குச் சட்டத் துணையும் அந்த நூற்றாண்டில்தான் வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர், தம் படங்களைத் திருட்டுத்தனமாக அச்சடிப்பவர்களால் நொந்து, சக செதுக்கர்களைச் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்திடம் போனார். 1735இல் செதுக்குப் படங்களுக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பு கிடைத்தது. உரிமையாளர் பெயரும் தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சட்டம் நடைமுறைக்கு வரும் வரை தம் புதிய படவரிசை ஒன்றை வெளியிடாமல் காத்திருந்தார் ஹோகார்த். இன்று ஒரு மாடலின் கீழே உரிம வரியும் செய்தவர் பெயரும் தேதியும் வருகின்றனவே, அந்தப் பழக்கத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவிப் படம் புத்தகத்திலிருந்து கடைக்கு இறங்கியது. ஷெஃபீல்டு நகரம் உளியும் ரம்பமும் அரமும் செய்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தூரத்து வியாபாரிக்குச் சரக்கைக் காட்டப் படப்புத்தகம் தேவைப்பட்டது. 1816இல் ஜோசப் ஸ்மித் என்பவர் அந்த நகரத்தின் பொருள்களைச் செதுக்குப் படங்களாகத் தொகுத்து வெளியிட்டார். இப்படிப்பட்ட மாதிரிப் புத்தகங்களில் தயாரிப்பாளர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் தெரிந்தால் வாங்குபவர் இடைத்தரகரை விட்டு நேரே பட்டறைக்குப் போய்விடுவாரே. வரைந்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் சேர்ந்து மறைந்தது இந்தக் காலத்தில்தான்.

கருவியின் வடிவத்துக்கும் அதன் பெயருக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது அடுத்த கட்டத்தில். லெனார்டு பெய்லி என்ற அமெரிக்கர் இரும்பு இழைப்புளியில் அலகை ஏற்றி இறக்கும் அமைப்புகளுக்கு 1858இலும் 1867இலும் காப்புரிமை பெற்றார். 1869இல் அவருடைய தொழிலைக் கனெக்டிகட்டின் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் அந்த வடிவம் பொதுச்சொத்தாகிவிட்டது. 1930களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டில் ரெக்கார்டு என்ற பெயரில் அதே வகை இழைப்புளிகள் வந்தன. ஸ்டான்லியின் நான்காம் எண் அங்கே பூஜ்யம் நான்காயிற்று. வடிவம் கிட்டத்தட்ட ஒன்று, வார்ப்பில் எழுந்து நிற்கும் பெயர் மட்டும் வேறு. வடிவத்தைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அடுத்தவர் பெயரைப் போட்டால் குற்றம்.

என் மேசையில் இது தினமும் வரும் விஷயம். இழைப்புளி மாடல் ஒன்றை வாங்குகிறேன். அதன் நெற்றியில் ஒரு நிறுவனத்தின் பெயர் வார்த்தது போலவே செய்திருப்பார்கள். சந்தைகளில் இப்படிப்பட்டவற்றைச் செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்திருப்பதும் உண்டு. விளம்பரத்துக்கோ பெட்டி அட்டைக்கோ அவை ஆகாது. மாடல் செய்தவர் தம் உழைப்பைத்தான் எனக்கு விற்க முடியும். வணிகப் பெயர் அவருடையதல்ல, அதை அவர் விற்க முடியாது. ஆகவே நான் பெயரில்லாத மாடலையே தேடுவேன்.

கணினியில் பொருள்களுக்கு உருவம் கொடுத்த கதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தோடு ஒட்டியது. 1972இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்டின் மாணவர்கள் அவர் வீட்டு ஃபோக்ஸ்வேகன் காரின் மேல் புள்ளியும் கோடும் வரைந்து, அளவுகோலால் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து கணினிக்குள் ஏற்றினார்கள். 1975இல் அதே இடத்தில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கட்டத்தாளில் வரைந்து அதன் வளைவுகளை எண்களாக்கினார். அந்த எண்களை எல்லோருக்கும் கொடுத்தார். உலகெங்கும் கணினி வரைகலை படித்தவர்கள் அதை வைத்துப் பயின்றார்கள். கொடுத்தவர் பெயரும் இன்று வரை கூடவே போகிறது.

அதே யூட்டாவிலிருந்துதான் எங்கள் தொழிலைக் குலுக்கிய வழக்கும் வந்தது. மெஷ்வொர்க்ஸ் என்ற நிறுவனம் டொயோட்டாவின் விளம்பரத்துக்காகக் கார் மாடல்கள் செய்துகொடுத்தது. காரின் மேல் நாடா ஒட்டிக் கட்டம் போட்டு, கணினியோடு இணைந்த அளவுக்கையால் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்தார்கள். அளந்தது மட்டும் போதவில்லை. சக்கரம், விளக்கு, கதவுப் பிடி போன்றவற்றைப் போட்டோவைப் பார்த்துக் கையால் உருவாக்கினார்கள். ஒரு காருக்கு 80 முதல் 100 மணி நேரம் ஆனது. ஒரே ஒரு பயன்பாட்டுக்குத்தான் கொடுத்தோம், அவர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்பது மெஷ்வொர்க்ஸின் முறையீடு. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றம் சென்ற நீல் கோர்சச். காரை உள்ளபடியே காட்டுவதுதான் அந்த மாடல்களின் நோக்கம், செய்தவருடைய சொந்தக் கற்பனை அதில் சேரவில்லை, ஆகவே பதிப்புரிமை இல்லை என்றார். எல்லாக் கணினி மாடல்களுக்கும் இது பொருந்தாது என்றும் சொல்லிவைத்தார்.

சட்டத்தின் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்றை உள்ளபடியே செய்வது எளிய வேலை என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியாது. என் அப்பா கோயம்புத்தூரின் கணபதிப் பகுதி ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி உரு, செய்தவர். வரைபடத்தில் இருக்கும் பம்ப் பாகத்தை அப்படியே மரத்தில் செய்தால் வார்ப்பு பிழையாகிவிடும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடாக அளவைக் கூட்ட வேண்டும். மணலிலிருந்து பேட்டர்ன் உடையாமல் வெளிவரச் சுவர்களுக்கு மெல்லிய சாய்வு கொடுக்க வேண்டும். கடைசலுக்குப் போகும் பரப்புக்குக் கூடுதல் கனம் விட வேண்டும். பார்ப்பவர்க்கு அது வரைபடத்தின் நகல். அப்பாவுக்கு ஒவ்வொரு மூலையும் ஒரு முடிவு. கணினி மாடலிலும் அப்படித்தான். சுத்தியலின் விளிம்பை எவ்வளவு மழுக்கினால் வெளிச்சம் பட்டு இரும்பு போலத் தெரியும், கைப்பிடியில் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்.

ஃபவுண்டரித் தொழிலில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. காசு கொடுத்தவர் வாடிக்கையாளர், ஆகவே பேட்டர்ன் அவருக்குச் சொந்தம். ஃபவுண்டரி அதைப் பத்திரமாக வைத்திருக்கும், அவர் ஆர்டர் கொடுத்தால் மட்டும் வார்க்கும், இன்னொருவருக்கு வார்த்துக் கொடுக்காது. எது யாருடையது, யார் எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பது வேலை தொடங்கும் முன்பே பேசி முடிக்கப்பட்டது. மெஷ்வொர்க்ஸ் வழக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: சட்டம் காப்பாற்றாத உழைப்பை ஒப்பந்தம்தான் காப்பாற்ற முடியும்.

நம் நாட்டிலும் நிலைமை இதற்கு வெகு தூரத்தில் இல்லை. சட்ட அறிக்கைத் தொகுப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2007 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பும் முதலீடும் பதிப்புரிமைக்குப் போதாது, திறமையும் தேர்வும் ஓரளவு படைப்பாற்றலும் வேண்டும் என்றது. கருவியின் வடிவத்தைப் பொறுத்தவரை, பதிவு செய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 15 ஆண்டுப் பாதுகாப்பு. பதிவு செய்யக்கூடியதைப் பதிவு செய்யாமல் தொழிற்சாலையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அந்த வடிவமைப்பின் மேல் பதிப்புரிமையும் போய்விடும். ஆகவே சந்தையில் விற்கும் சாதாரணச் சுத்தியலை மாடலாகச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் இன்னொருவர் செய்த மாடலை எடுக்கிறீர்கள் என்றால் அவருடைய உரிமத்தைப் படித்தே ஆக வேண்டும். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதிப் பெட்டி வடிவமைப்பவர்கள் இந்த இரண்டு வரியையும் மறக்கக் கூடாது.

இந்த நூற்றாண்டின் பெரிய மாற்றம், உரிமங்கள் எல்லோருக்கும் புரியும் சில வகைகளாகத் திரண்டதுதான். 2000இல் தொடங்கிய டர்போஸ்குவிட் போன்ற சந்தைகளில் ஒரு தடவை காசு கொடுத்தால் பல வேலைகளுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் மாடல் கோப்பையே மறுபடி விற்கக் கூடாது. 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. பெயர் சொன்னால் போதும் என்பது ஒரு வகை. மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது இன்னொன்று. வணிகத்துக்குக் கூடாது என்பது மற்றொன்று. எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவுக்கு விட்டுவிடும் பூஜ்ய வகை 2009இல் வந்தது. ரெயோமூருக்கும் திதரோவுக்கும் இடையே இல்லாமல் போனது இதுதான். பரவ விடவும் பெயர் நிலைக்கவும் ஒரே வரியில் வழி பிறந்தது.

வரி மட்டும் போதாது, வரியை எழுதியவரையும் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கணினி விளையாட்டிலிருந்து பிய்த்தெடுத்த மாடலை ஒருவர் தம்முடையது என்று ஏற்றிவிட்டுத் தாராளமான உரிமம் எழுதிவைப்பது நடக்கிறது. தமக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படிக் கொடுக்க முடியும்? அதனால் நான் அவருடைய மற்ற வேலைகளைப் பார்ப்பேன், ஒரே கை தெரிகிறதா என்று. செய்யும்போது எடுத்த இடைநிலைப் படங்கள் இருந்தால் நம்பிக்கை கூடும். உரிமப் பக்கத்தை எடுத்த நாளோடு சேமித்து வைப்பேன், ஏனென்றால் தளங்கள் கை மாறுகின்றன, விதிகளும் மாறுகின்றன. பெயர் போட வேண்டிய மாடலென்றால் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுவிடுவேன். வாடிக்கையாளர்கள் இதற்கு மறுத்ததில்லை, சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

அருங்காட்சியகங்களும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டன. 2020 பிப்ரவரியில் ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண மாடல்களையும் எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டது. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எல்லா இடமும் அப்படியில்லை. தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஓவியர்கள், தொழில் செய்பவர்களைக் கணவன் மனைவியாக நிறுத்தி, தொழிலுக்குரிய கருவிகளோடு வரைந்தார்கள். நம் முன்னோர் கைக்கருவிகளுக்கு அரிய சாட்சி அது. அந்த ஓவியங்கள் பல பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்கள் பெரும்பாலோரின் பெயர் தெரியாது, இறந்து தலைமுறைகள் ஆயின. ஆனாலும் அருங்காட்சியகம் தன் தளத்தில் தரும் படங்களுக்கு வணிகமல்லாத பயன்பாட்டு உரிமமே கொடுத்திருக்கிறது. தஞ்சாவூர்த் தச்சரின் கருவிப் படத்தை ஒரு தமிழ்நாட்டுக் கருவிக் கம்பெனியின் பெட்டியில் போட லண்டனில் தனியே அனுமதி கேட்க வேண்டும். இதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது. உரிமம் உழைத்த கைக்கு மரியாதை. உழைத்தவர் போய்ப் பல தலைமுறை ஆன பிறகு, ஓவியத்தைப் படம்பிடித்து வைத்திருப்பவர் அதையே பூட்டாக மாட்டினால், ரெயோமூரின் பெட்டிகள் மறுபடி வந்துவிட்டன என்றுதான் அர்த்தம்.

அந்தப் பூட்டைப் பற்றி வருந்திக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை. இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் நம் கருவிகள் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஹென்றி மெர்சர் 1897இல், பழைய சாமான்கள் விற்பவர் ஒருவரிடம் கைக்கருவிகள் குவிந்து கிடப்பதைக் கண்டு சேகரிக்கத் தொடங்கினார். அவற்றுக்கு ஒரு பெரிய கட்டடமே கட்டினார். பழைய தச்சர்களின் கருவிகளைப் பற்றி அவர் 1929இல் வெளியிட்ட நூலை இன்றும் புரட்டுகிறார்கள். நம் வாய்ச்சி, கொட்டாப்புளி, கயிறு சுற்றி இழுக்கும் துரப்பணம், மர உடல் இழைப்புளி ஆகியவற்றை மாடல் சந்தைகளில் தேடினால் எனக்குக் கிடைப்பவை ஐரோப்பிய, அமெரிக்க வடிவங்கள்தான். நம் பள்ளிப் பாடப் படத்திலும் விளம்பரத்திலும் அந்த அந்நிய இழைப்புளியே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை மாற்றப் பெரிய பணம் வேண்டாம். பாலிடெக்னிக் மாணவர்களிடம் வெர்னியர் இருக்கிறது, இலவச மென்பொருள் இருக்கிறது, கைபேசியில் கேமரா இருக்கிறது. பக்கத்துத் தச்சரிடம் கேட்டால் கருவியைக் காட்டாமல் இருக்க மாட்டார். அளந்து செய்யுங்கள். எந்த ஊர், அடித்துக் கொடுத்த கொல்லர் யார், பயன்படுத்தியவர் யார் என்பதை அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். அளந்தவர், மாடல் செய்தவர் பெயர்களையும் சேருங்கள். உரிமம் எழுதும்போது, பெயர் சொன்னால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். வணிகத்துக்குக் கூடாது என்று எழுதினால் பெரிய நிறுவனங்களைத் தடுத்துவிட்டதாகத் தோன்றும். அவை தங்கள் சொந்த ஆட்களை வைத்து வேறு மாடல் செய்துகொள்ளும். உண்மையில் தடுக்கப்படுவது தம் பட்டறைக்கு ஒரு பெயர்ப்பலகை போட நினைக்கும் தச்சரும், உளி அடித்து விற்கும் கொல்லரும், அவர்களுக்குப் பெட்டி வடிவமைக்கும் என் போன்றவர்களும்தான். நம் கருவியின் படத்தால் நம் ஊர்க் கைவினைஞர் நாலு காசு பார்ப்பதற்கு, அந்த உரிம வரி முதல் நாளே இடம் கொடுத்திருக்க வேண்டும்.